வெளிநாட்டில் வறுமையில் வளரும் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுக்க மூன்று மாதம் போகலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். உடற்கல்விப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறீர்கள், கல்லூரி அணியில் கால்பந்து ஆடியிருக்கிறீர்கள். வெளிநாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளராக மூன்று மாத இன்டர்ன்ஷிப் போக ஆசை. ஏற்பாடு செய்து தருகிற நிறுவனம் ஒன்று கணிசமான கட்டணம் கேட்கிறது. போகலாமா, என்ன தகுதி வேண்டும், கையோடு என்ன கொண்டுபோவது, பின்னால் வேலை தேடும்போது இது உதவுமா? இத்தனைக்கும் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "என்னால் அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பிரயோஜனம் இருக்குமா?" உங்களை உறுத்துவது இந்த வரிதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் விண்ணப்பப் படிவ சமாச்சாரம். அதனால் இதற்கே முதலில் பதில். பிரயோஜனம் இருக்கும். ஆனால் அது பிள்ளைகளுக்கு நேராகப் போய்ச் சேர்வது குறைவு. வருடம் முழுக்க அவர்களோடு நிற்கிற உள்ளூர் கோச்சுக்கு நீங்கள் எந்த அளவு கைகொடுக்கிறீர்களோ, அந்த அளவுதான் உங்கள் பிரயோஜனம்.

நான் பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் நான்கு வருடம் இரண்டு வெளிநாடுகளில், சேரிப்பகுதிப் பிள்ளைகளோடு. அப்புறம் இப்படி வருகிற இன்டர்ன்களைத் தேர்ந்தெடுப்பது, தயார்படுத்துவது, சில சமயம் பாதியிலேயே திருப்பி அனுப்புவது. எனக்குத் தெரிந்தது கால்பந்தும் கொஞ்சம் வாலிபாலும். நீச்சல், அலைச்சறுக்கு, குத்துச்சண்டை போன்றவற்றில் ஆபத்தின் கணக்கே வேறு. அவற்றுக்கு நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வேலை பார்த்த ஊர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே பார்த்த பிள்ளைகளின் கதை அவர்களுடையது.

உள்ளூர் கோச்தான் முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் துறையில் நீண்ட நாள் நிலைத்தவற்றைப் பாருங்கள். நைரோபியின் மத்தாரே சேரியில் 1987-ல் பாப் மன்றோ என்ற கனடாக்காரர் ஒரு சிறுவர் லீக்கைத் தொடங்கி வைத்தார். அதுதான் மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம். சேரியில் குப்பையும் சாக்கடையும் பெரிய பிரச்சினை, நோய் அங்கிருந்துதான் வந்தது. அதனால் ஒரு விதி வைத்தார்கள்: ஆட்டத்தில் ஜெயித்தால் 3 புள்ளி, அணியாகச் சேர்ந்து தங்கள் பகுதியைச் சுத்தம் செய்தால் 6 புள்ளி. லீக் பட்டியலில் மேலே ஏற வேண்டுமென்றால் மண்வெட்டியைத் தூக்கியாக வேண்டும். இதைப் பற்றிப் படிக்கிறவர்கள் அந்தப் புள்ளிக் கணக்கை வியந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, லீக்கை நடத்தியதே அந்தப் பிள்ளைகள்தான் என்பது. அட்டவணை போடுவது, நடுவராக நிற்பது, தகராறு தீர்ப்பது எல்லாம் பதின்ம வயதுக்காரர்கள் கையில். அதிலிருந்து முளைத்த மத்தாரே யுனைடெட் 2008-ல் கென்யாவின் முதல்நிலை லீக்கையே வென்றது. தொடங்கி வைத்தவர் வெளியாள்தான், மறுக்கவில்லை. ஆனால் விசில் சீக்கிரமே கை மாறிவிட்டது. ஜிம்பாப்வேயின் புலவாயோவில் 2002-ல் தொடங்கிய, கால்பந்து வழியாக எச்.ஐ.வி. தடுப்பைச் சொல்லிக்கொடுக்கிற கிராஸ்ரூட் சாக்கர் அமைப்பும் அப்படித்தான். அங்கே கிளப் ஆட்டம் ஆடிய வெளிநாட்டுக்காரர்கள் யோசனையோடு வந்தார்கள். ஆனால் எச்.ஐ.வி. பற்றிப் பிள்ளைகளிடம் பேசியது அந்த ஊரில் வளர்ந்த இளைஞர்கள். வெளியாள் ஒருவர் வந்து அந்த விஷயத்தைப் பேசினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். தங்கள் தெருவில் பந்தடித்து வளர்ந்தவர் பேசினால் கேள்வி கேட்பார்கள்.

விளையாட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது என்பதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. நிறுவனங்களின் விளம்பரத்தில் இரண்டும் ஒன்றாகக் குழைந்துகிடக்கும். பந்து இருக்கிற இடத்துக்குப் பிள்ளைகள் வருவார்கள், இது உறுதி. பள்ளிக்கு வராத பிள்ளையும் வரும். வாரத்தில் மூன்று நாள், அதே மணிக்கு, அதே பெரியவர், திட்டாமல் அடிக்காமல் அங்கே நிற்கிறார் என்றால், வீட்டில் எதுவுமே நிலையில்லாத ஒரு பிள்ளைக்கு அது பெரிய விஷயம். இதையும் நான் சந்தேகமில்லாமல் சொல்வேன். ஆனால் "விளையாட்டு ஒழுக்கத்தை வளர்க்கும், குற்றத்தைக் குறைக்கும், சமூகத்தை இணைக்கும்" என்று அதற்கு மேலே அடுக்குகிறார்களே, அங்கேதான் தரை வழுக்குகிறது. ஃபிரெட் கோல்ட்டர் என்ற ஆய்வாளர் இந்தத் திட்டங்களை இரண்டாகப் பிரித்தார்: விளையாட்டை மையமாக வைத்துச் சமூக வேலையைச் சேர்த்துக்கொள்பவை ஒன்று, சமூக வேலையை மையமாக வைத்து, பிள்ளைகளைக் கூட்டிவர விளையாட்டைப் பயன்படுத்துபவை இன்னொன்று. எதிலுமே வெறும் ஆட்டத்தால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நம்பக் கூடாது என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வடக்கு ஈராக்கில் சல்மா மூசா நடத்திய ஆய்வு. 2020-ல் சயின்ஸ் இதழில் வந்தது. ஐ.எஸ். அமைப்பால் ஊரைவிட்டு ஓடிய கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளில் சிலவற்றுக்கு முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்தார்கள், சிலவற்றுக்குக் கிறிஸ்தவர்களையே சேர்த்தார்கள். கலப்பு அணியில் ஆடியவர்கள் பிற்பாடு முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்யவும், அடுத்த சீசனில் கலப்பு அணிக்கே பெயர் கொடுக்கவும் அதிகம் முன்வந்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்களிடம் அவர்கள் நடந்துகொள்வது பெரிதாக மாறவில்லை. கூட ஆடியவன் மேல் நம்பிக்கை வந்தது, தெருவில் போகிற அந்நியன் மேல் வரவில்லை. என்னைக் கேட்டால் இது ஏமாற்றமான முடிவே இல்லை. விளையாட்டு எதுவரைக்கும் தாங்கும் என்று யாரோ ஒருவர் ஒழுங்காக அளந்து காட்டியிருக்கிறார். "வாழ்க்கையையே மாற்றுகிறோம்" என்று பேசுகிற நிறுவனத்தை விட "வாரம் மூன்று நாள் தவறாமல் நடத்துகிறோம்" என்று சொல்கிற நிறுவனத்திடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இனி என் கதை கொஞ்சம். முதல் வாரம். நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஆறு பந்து, பாதி புல்லும் பாதி சரளையுமான ஒரு திடல். நான் புத்தகத்தில் படித்த மாதிரியே ஆறு வரிசையாக நிற்கவைத்து, கோன்களை வளைவு வளைவாக வைத்து, ஒவ்வொருவராகப் பந்தை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பச் சொன்னேன். பார்க்க அவ்வளவு அழகு. உள்ளூர் கோச் ஓரமாக ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். வயது இருபத்துநான்கு இருக்கும், காலையில் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர். இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வரிசையில் பின்னால் நின்ற பையன்கள் ஒருவரையொருவர் தள்ளினார்கள், அப்புறம் கல் எறிந்தார்கள், அப்புறம் ஏழெட்டுப் பேர் காணாமலே போனார்கள். "ஒழுங்கு இல்லாத பிள்ளைகள்" என்று அன்றிரவு நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மூன்றாம் நாள் அவர் எழுந்து வந்து என் கோன்களையெல்லாம் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தார். பிள்ளைகளின் செருப்புகளைக் கழற்றச் சொல்லி, அவற்றையே கோல் கம்பங்களாக வைத்து நான்கு சின்ன ஆடுகளம் போட்டார். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். நாற்பது பேர் ஆட்டத்தில். மிச்சம் இரண்டு பேர் நடுவர்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். யாரும் வரிசையில் நிற்கவில்லை. என் ஏற்பாட்டில் பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குப் பந்து கிடைத்தது இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று. அவருடைய ஏற்பாட்டில் நான் ஒரு பையனை மட்டும் பார்த்து எண்ணத் தொடங்கி, முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஒழுங்கு தானாக வந்தது. வேலை இருக்கிற பிள்ளை ஏன் கல் எறியப்போகிறது? சின்னக் களம், குறைந்த ஆட்கள், அதிகப் பந்துத் தொடல் என்பது பயிற்சிப் படிப்பிலும் இருக்கிறதுதான். நானும் தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் பயம் வந்தால் கை தானாக வரிசைக்குத்தான் போகிறது. வரிசை கோச்சுக்குத் தைரியம் தருகிறது.

அதே திடலின் ஓரத்தில் தினமும் ஒரு சிறுமி நின்றுகொண்டிருப்பாள். பத்துப் பதினொன்று வயது, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. நான் கையசைத்துக் கூப்பிடுவேன், தலையாட்டி மறுத்துவிடுவாள். "பெண் பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைவு" என்று அறிக்கையிலும் எழுதிவிட்டேன். மூன்றாவது வாரம், அங்கே உதவிக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "குழந்தையை யார் வைத்துக்கொள்வார்கள்?" அவ்வளவுதான் அவர் கேட்டது. மரத்தடியில் ஒரு பாய் விரித்தோம், அவரே குழந்தைகளோடு உட்கார்ந்தார். அடுத்த நாள் அந்தச் சிறுமி ஆடினாள். அந்த வாரக் கடைசிக்குள் இன்னும் நான்கு பேர் இடுப்பில் தம்பி தங்கைகளோடு வந்து சேர்ந்தார்கள். ஒரு பாய் இல்லாததுதான் குறுக்கே நின்றிருக்கிறது. மூன்று வாரமாக எனக்குத் தெரியவில்லை.

பெண் பிள்ளைகளைக் கொண்டுவருவதில் எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரு சூத்திரம் கிடையாது. கொலம்பியாவின் மெடயீன் நகரில், 1994-ல் அந்நாட்டுக் கால்பந்து வீரர் ஆண்ட்ரெஸ் எஸ்கோபார் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு எழுந்த 'அமைதிக்கான கால்பந்து' முயற்சியில், அணிகளில் ஆணும் பெண்ணும் கலந்து ஆடினார்கள். பெண் ஒருத்தி கோல் போட்ட பிறகுதான் பையன்களின் கோல் கணக்கில் வரும். நடுவர் கிடையாது. ஆட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து விதிகளைப் பேசி முடிவு செய்வார்கள், ஆடி முடித்தபின் யார் நேர்மையாக ஆடினார்கள் என்று பேசிப் புள்ளி போடுவார்கள். இன்று பல நாடுகளில் 'ஃபுட்பால் த்ரீ' என்று நடத்துவது இதன் வழிவந்ததுதான். ஸ்கேட்போர்டு என்ற சக்கரப் பலகையை ஓட்டக் கற்றுக்கொடுக்கக் காபூலில் 2007-ல் தொடங்கிய ஸ்கேட்டிஸ்தான் வேறு வழியில் போனது. பெண்கள் சைக்கிள் ஓட்டினாலே முகம் சுளிக்கிற ஊரில், ஸ்கேட்போர்டு என்பது யாருமே அதுவரை பார்க்காத பொருள். 'இது பெண்களுக்கானதல்ல' என்று சொல்ல அங்கே யாருக்கும் நேரம் கிடைத்திருக்கவில்லை. பெண்களுக்குத் தனி நாள், பெண் பயிற்சியாளர்கள் என்று நடத்தினார்கள். மெடயீன் விதியைக் காபூலில் வைத்திருந்தால் ஒரு பெண்ணும் வந்திருக்க மாட்டாள். காபூல் ஏற்பாட்டை மெடயீனில் வைத்தால் பையன்களுக்குக் கற்றுக்கொள்ள எதுவும் இருந்திருக்காது. எந்த விதி எங்கே பொருந்தும் என்பது அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும், உங்களுக்கோ எனக்கோ இல்லை.

சரி, கட்டணம் கேட்கிற அந்த நிறுவனம். கட்டணம் கேட்பதாலேயே அது மோசடி என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கு இடம், சாப்பாடு, காப்பீடு, மேற்பார்வை எல்லாம் செலவுதான், அந்தச் செலவை ஏழைகளுக்கான நிதியிலிருந்து எடுப்பது நியாயமில்லை. நீங்கள் கேட்க வேண்டியது, அதில் எவ்வளவு அந்தத் திடலை நடத்துகிற உள்ளூர் அமைப்புக்குப் போகிறது என்பது. எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில். அடுத்து, இதுவரை எத்தனை பேரை நிராகரித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நேர்காணல் இல்லை, காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கவில்லை, பணம் கட்டிய மறுநாளே 'வாழ்த்துகள்' என்று மின்னஞ்சல் வருகிறது என்றால், உங்களை விசாரிக்காமல் பிள்ளைகளிடம் விடுகிறவர்கள் வேறு யாரையும் அப்படித்தானே விட்டிருப்பார்கள்? அந்த இடத்துக்குப் போகாதீர்கள். கடைசியாக, நீங்கள் போவதற்கு முந்தின நாள் யார் பயிற்சி கொடுத்தார், திரும்பி வந்த மறுநாள் யார் கொடுப்பார் என்று கேட்டு, அவரோடு ஒரு தடவை நேரடியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அப்படி ஒருவர் இல்லை, இன்டர்ன் மாற்றி இன்டர்ன்தான் நடத்துகிறார்கள் என்றால், அங்கே பிள்ளைகள் மூன்று மாதத்துக்கு ஒரு கோச்சைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் நீங்களும் ஒருவராக வேண்டாம்.

அனாதை இல்லங்களோடு சேர்த்து ஏற்பாடு செய்கிற திட்டங்களில் நான் கண்டிப்பாக இருப்பேன். பல நாடுகளில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் அவர்களோடு வரும் பணமும்தான் சில இல்லங்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டே போவதற்குக் காரணம். ஐ.நா. பொதுச்சபையே 2019-ல் பெற்றோர் பராமரிப்பில்லாத பிள்ளைகள் பற்றிய தீர்மானத்தில் இந்தத் தன்னார்வச் சுற்றுலாவின் கெடுதல்களைத் தடுக்கச் சொன்னது. பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்து வந்து, ஆடிவிட்டு, வீட்டுக்கே திரும்புகிற திட்டங்களாகப் பாருங்கள். விசாவில் ஒரு எச்சரிக்கை: சம்பளமில்லாத வேலையையும் வேலையாகவே கணக்கிடுகிற நாடுகள் நிறைய. "சுற்றுலா விசாவில் வாருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்" என்று ஏஜெண்ட் சொன்னால், மாட்டிக்கொள்ளும்போது ஏஜெண்ட் அங்கே இருக்க மாட்டார். தூதரகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

தகுதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் பட்டப்படிப்பு போதும். அடிப்படைப் பயிற்சியாளர் உரிமம் ஒன்று இருந்தால் நல்லது. முதலுதவிச் சான்றிதழ், இதய இயக்க மீட்புப் பயிற்சியோடு, கட்டாயம். ஆனால் நான் ஆளெடுக்கும்போது முதலில் பார்ப்பது குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியைத்தான். விளையாட்டில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று பன்னாட்டு நெறிமுறைகள் 2014-ல் வந்தன. நல்ல அமைப்புகள் அவற்றை ஒட்டியே தங்கள் விதிகளை எழுதிவைத்திருக்கும். விதிகள் கேட்க எளிது. எந்தப் பிள்ளையோடும் தனியாக, பிறர் கண்ணில் படாத இடத்தில் இருக்கக் கூடாது. உங்கள் சொந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது. யாரையும் தோற்றதற்கோ தாமதமாக வந்ததற்கோ தண்டனையாகத் தோப்புக்கரணம், கூடுதல் ஓட்டம் போடவைக்கக் கூடாது. ஒரு பிள்ளை தனக்கு நடந்த கெடுதலைச் சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவித் துருவிக் கேட்கவும் கூடாது. காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, அன்றே பொறுப்பாளரிடம் சேர்க்க வேண்டும். பொறுப்பாளர் யார் என்று முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். புகைப்படமும் இதில் சேர்ந்ததுதான். 2014 முதல் ஏப்ரல் 6-ஐ வளர்ச்சிக்கும் அமைதிக்குமான விளையாட்டு நாளாக ஐ.நா. கொண்டாடுகிறது. அன்று இணையத்தில் பாருங்கள், கிழிந்த சட்டைப் பிள்ளைகளை அணைத்தபடி எத்தனை கோச்சுகள்! அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்றுதான் எனக்குத் தோன்றும்.

விதிகளில் எழுதியிராத ஒன்றும் உண்டு. என் இரண்டாவது இடத்தில் ஒரு பையன், நல்ல ஆட்டக்காரன். கோல் போட்டதும் கை தட்டிக்கொள்ளலாம் என்று நான் தலைக்கு மேல் கையை உயர்த்தினேன். அவன் சட்டென்று குனிந்து இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான். ஒரு நொடிதான், உடனே எதுவும் நடக்காத மாதிரி ஓடிவிட்டான். அதிலிருந்து நான் கையை இடுப்பு உயரத்தில், உள்ளங்கை மேல்நோக்கி நீட்டுவேன். விருப்பமிருந்தால் வந்து தட்டட்டும். காது கிழிகிற விசிலையும் விட்டேன், தள்ளி நின்று கையைத் தூக்கினால் எல்லோரும் நிற்பது என்று பழக்கினோம். தொடக்கத்திலும் முடிவிலும் வட்டமாக நிற்பது, தினமும் ஒரே வரிசையில் நிகழ்ச்சிகள், அடுத்தது என்ன என்று முன்கூட்டியே சொல்வது, உட்கார வேண்டும் போலிருந்தால் காரணம் சொல்லாமல் போய் உட்கார ஒரு நிழல். அடிபட்டு வளர்ந்த பிள்ளைக்கு எதிர்பாராதது எதுவும் பயம்தான். இதற்காக நீங்கள் மனநல நிபுணராக வேண்டியதில்லை. நிபுணர் மாதிரி நடிக்காமல் இருந்தால் போதும்.

உடல் பாதுகாப்பில் மூன்று விஷயம் மட்டும். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் இருப்பார்கள். தலைசுற்றல், எரிச்சல், ஆர்வமின்மை என்று உங்களுக்குத் தெரிவது பல நேரம் பசி. மதிய வெயிலில் கடும் ஓட்டம் வைக்காதீர்கள், தண்ணீர் இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். அடுத்தது, தலையில் அடிபட்டு மயங்கியோ குழம்பியோ தெரிந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளை மறுபடி ஆடக் கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும். சின்னப் பிள்ளைகளுக்குப் பந்தைத் தலையால் முட்டும் பயிற்சியே வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-ல் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அதை நிறுத்தியது, 2020-ல் இங்கிலாந்தும் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை எடுத்துவிட்டது. மூன்றாவது, பந்தின் அளவு. எட்டு வயதுக்குக் கீழே 3-ம் எண், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 4-ம் எண், அதற்கு மேல் 5-ம் எண். எல்லோருக்கும் பெரிய பந்தையே போட்டால் சின்னக் கால்கள் அதை உதைக்கவே பயப்படும், வெறுங்காலாக இருந்தால் இன்னும் மோசம்.

மொழி தெரியாதே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். போவதற்கு முன் இருபது சொல் கற்றுக்கொள்ளுங்கள்: நில், போ, பார், கொடு, தண்ணீர், வலிக்கிறதா, நல்லது, மறுபடி, மன்னித்துக்கொள். அதைவிட முக்கியம் பெயர்கள். முதல் வாரத்திலேயே எல்லாப் பெயரும் வாயில் வர வேண்டும், சரியான உச்சரிப்போடு. உங்கள் வாயில் அவர்கள் பெயர் உடைந்துபோவதைக் கேட்டு அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதற்குப் பிறகு கூச்சம் போய்விடும்.

மூன்று மாதம் போதுமா என்றால், உங்களுக்குக் கற்றுக்கொள்ளப் போதும், தனியாக ஒரு குழுவை ஏற்று நடத்தப் போதாது. முதல் மாதம் பார்த்துக் கற்றுக்கொள்வதிலேயே போகும், கடைசி இரண்டு வாரம் விடைபெறுவதில். நடுவில் இருப்பது ஆறேழு வாரம். அந்த நேரத்தை உள்ளூர் கோச் நேரமில்லாமல் தள்ளிப்போட்டுவைத்த வேலைகளுக்குக் கொடுங்கள்: வருகைப் பதிவேடு, புதிதாக உதவிக்கு வந்த பதினாறு வயதுக்காரருக்குப் பயிற்சித் திட்டம் எழுதக் கற்றுக்கொடுப்பது, பெண்கள் அணிக்குத் தனி நேரம் பிடிப்பது. நடத்துவது அவர், நீங்கள் உதவியாளர், பிள்ளைகள் முன்னாலும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் முன்னால் அவரைத் திருத்தினால், நீங்கள் போன பிறகு அவர் சொல்லுக்கு மதிப்பிருக்காது. கிளம்பும் தேதியை வந்த அன்றே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். "திரும்பி வருவேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு இன்டர்ன் கண்ணீரோடு அப்படிச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பையன் அடுத்த ஏழெட்டு மாதம் வாராவாரம் என்னிடம் தேதி கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு மட்டும் ஷூ வாங்கிக் கொடுத்திருந்தார் அவர். அதனால் மற்ற பையன்கள் அவனை ஆட்டத்தில் சேர்க்காமல் விட்ட கதை வேறு.

வேலைக்கு உதவுமா? ஓரளவு. 'வெளிநாட்டில் ஏழைக் குழந்தைகளுக்குச் சேவை' என்ற ஒற்றை வரிக்கு இப்போது பெரிய மதிப்பில்லை, எல்லோர் விண்ணப்பத்திலும் இருக்கிறது. கலப்பு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேரை ஆறு பந்தோடு எப்படிச் சமாளித்தீர்கள், எந்த ஏற்பாடு தோற்றது, அதற்கு என்ன செய்தீர்கள் என்று சொல்ல முடிந்தால், எந்தப் பள்ளியிலும் கிளப்பிலும் கவனித்துக் கேட்பார்கள். அதற்கு நோட்டு எழுதுங்கள், தப்பையும் சேர்த்து. இன்னொன்று, கிளம்புவதற்கு முன் ஆறு மாதமாவது, வாரம் இரண்டு நாள், நீங்கள் இருக்கிற இடத்திலேயே இதே மாதிரிப் பிள்ளைகளோடு வேலை செய்துவிட்டுப் போங்கள். அது முடியாது, வெளிநாடு என்றால்தான் முடியும் என்று தோன்றினால், உங்களுக்கு வேண்டியது பயணம். அதில் தப்பில்லை, அதைப் பயணமாகவே போய்விட்டு வாருங்கள்.

பந்து வாங்கிக்கொண்டு போகலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். முதலில் கோச்சிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். நான் கேட்ட இடங்களிலெல்லாம் பந்து ஓரளவு இருந்தது, வருகிறவர்கள் எல்லோரும் பந்துதானே கொண்டுவருகிறார்கள். ஒரு மூலையில் பத்துப் பதினைந்து பந்து காற்றில்லாமல் சப்பிக் கிடக்கும், பம்ப்பும் இருக்கும், ஊசி உடைந்திருக்கும். நல்ல பம்ப் ஒன்று, ஊசி ஒரு டஜன், இரண்டு நிறத்தில் அணி பிரிக்கும் மேலங்கிகள் கொண்டுபோங்கள், எல்லாம் சேர்ந்து ஒரு பந்தின் இடத்தைக்கூட அடைக்காது. ஊசியைக் கொஞ்சம் ஈரப்படுத்திவிட்டு நேராகச் செருகச் சொல்லிக்கொடுங்கள். காய்ந்த ஊசியைத் திருகிச் செருகினால் வால்வு கிழிந்துவிடும், அப்புறம் அந்தப் பந்து கோல் கம்பத்துக்குத்தான் ஆகும்.